ஸ்கிரீன் ரீடர் பேசவில்லை, அல்லது உளறுகிறது: எங்கிருந்து தேடுவது?

"அண்ணே, கம்ப்யூட்டர் பேச மாட்டேங்குது. நான் எதையோ தப்பா அழுத்திட்டேனா?"

மாலை ஆறு மணிக்கு மேல் எனக்கு வரும் அழைப்புகளில் இது அடிக்கடி வருவது. எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரும் போனும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அழைப்பவர்களில் பெரும்பாலோர் தவறு தங்களுடையது என்று முடிவு கட்டிவிட்டுத்தான் பேசவே தொடங்குகிறார்கள். அந்த முடிவை முதலில் ஓரமாக வையுங்கள்.

கோளாறு நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கும். ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன் ஒன்று. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளாகிய ஸ்கிரீன் ரீடர் இரண்டாவது. அதற்குக் கடன் கொடுக்கப்பட்ட குரல் மூன்றாவது. நான்காவது, படிக்கச் சொல்லி நம்மிடம் கொடுக்கப்பட்ட கோப்போ செயலியோ. முதல் மூன்றும் நம் கையில் இருப்பவை. நான்காவது, அதை உருவாக்கியவருடைய பொறுப்பு. எந்த இடம் என்று தெரியாமல் எல்லா செட்டிங்கையும் மாற்றத் தொடங்கினால், ஒரு கோளாறு மூன்றாகிவிடும்.

கம்ப்யூட்டர் என்று வரும் இடமெல்லாம் விண்டோஸும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் எழுதத் தொடங்கிய இந்த மென்பொருள் இலவசம் என்பதால், நம் பிள்ளைகளிடம் இருப்பதும் பெரும்பாலும் அதுதான். என்விடிஏ விசை என்று நான் சொல்வது இன்சர்ட்டை. கேப்ஸ்லாக்கையும் அப்படி அமைத்துக்கொள்ளலாம். லேப்டாப்பில் அதுதான் கைக்கு வசதி. போன் என்றால் ஆண்ட்ராய்டும் அதன் ஸ்கிரீன் ரீடராகிய டாக்பேக்கும்.

"கம்ப்யூட்டர் பேச்சே வரல"

கன்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். என்விடிஏ ஓடிக்கொண்டிருந்தாலும் நின்றிருந்தாலும் இது புதிதாகத் தொடங்கிவைக்கும். தொடங்கும்போது சின்னதாக ஓர் இசை வரும். அது காதில் விழுகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை அந்த இசைதான் சொல்லும்.

இசை வந்து, பேச்சும் திரும்பிவிட்டால் வேலை முடிந்தது. நடுவில் என்விடிஏ தொங்கிப்போயிருக்கலாம். இன்னொரு காரணத்தையும் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அது நாளைக்கே திரும்ப நடக்கும். என்விடிஏ விசையுடன் எஸ் அழுத்தினால் பேச்சு நிலை மாறும். ஒரு நிலையில் பேச்சுக்குப் பதில் பீப் சத்தம் மட்டும் வரும், இன்னொன்றில் முழு அமைதி. வேகமாகத் தட்டும்போது இது தெரியாமல் அழுந்துவது சகஜம். பேச்சு வரும்வரை அதே இரண்டு விசையை நிதானமாக மறுபடி மறுபடி அழுத்தினால் போதும், கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்.

எல்லா இடத்திலும் பேசி, ஒரே ஒரு மென்பொருளுக்குள் போனதும் வாயை மூடிக்கொள்கிறதா? அது தூக்க நிலை. அந்த மென்பொருளுக்குள் இருந்தபடியே என்விடிஏ விசை, ஷிஃப்ட், எஸ்.

இசையும் வரவில்லை என்றால், விண்டோஸ் விசை, கன்ட்ரோல், என்டர். இது விண்டோஸின் சொந்த வாசிப்பானாகிய நரேட்டரை எழுப்பும். நரேட்டரும் பேசவில்லை என்றால் சத்தம் போகும் வழியில்தான் கோளாறு. பக்கத்து அறையில் இருக்கும் புளூடூத் ஹெட்போனுக்கோ, கேபிள் மாட்டிய டிவிக்கோ சத்தம் போய்க்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் கழற்றிப் பாருங்கள். நரேட்டர் பேசி, என்விடிஏ மட்டும் பேசவில்லை என்றால், நரேட்டர் துணையோடு என்விடிஏ செட்டிங்கில் ஆடியோ பகுதிக்குப் போய் வெளியீட்டுக் கருவியை மாற்றுங்கள். முன்பு மாட்டியிருந்த ஹெட்போனின் பெயர் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்.

புதிய பதிப்பு போட்ட பிறகு திக்கித் திணறுகிறதா? ஒவ்வோர் ஆண்டும் ஆண்டு எண்ணுக்குப் பின் '.1' என்று வரும் பதிப்பு பழைய ஆட்-ஆன்களை, அதாவது நாம் தனியாகச் சேர்த்த கூடுதல் வசதிகளை, ஏற்காமல் போவது வழக்கம். என்விடிஏ விசையுடன் க்யூ அழுத்தி, வரும் பெட்டியில் ஆட்-ஆன்கள் இல்லாமல் மறுபடி தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். திணறல் நின்றால், ஆட்-ஆன்களை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்து ஆளைப் பிடிக்கலாம்.

"பேசுது, ஆனா திரை செத்துப்போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க"

என் மாணவி ஒருத்தியின் லேப்டாப்பை அவள் அப்பா பழுதுபார்க்கும் கடைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார். டிஸ்ப்ளே போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல வேளையாகப் பணம் கட்டும் முன் அவள் எனக்கு போன் செய்தாள். என்விடிஏவில் திரை மறைப்பு என்று ஒரு வசதி உண்டு. பேருந்திலோ அலுவலகத்திலோ பக்கத்தில் இருப்பவர் நம் திரையைப் படிக்காமல் இருக்க, திரையை முழுக்க இருட்டாக்கிவிடும். என்விடிஏ விசை, கன்ட்ரோல், எஸ்கேப் சேர்த்து அழுத்தினால் வரும், போகும். போனிலும் இதே வசதி டாக்பேக் மெனுவில் திரையை மறைப்பது என்ற பெயரில் இருக்கிறது. வீட்டில் பார்வையுள்ளவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

குறைப்பார்வை உள்ளவர்கள் "திரை முழுக்க நிறம் மாறிப்போச்சு" என்று சொன்னால் அது வேறு. இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், பிரிண்ட் ஸ்கிரீன் மூன்றும் சேர்ந்து அழுந்தியிருக்கும், அதையே திரும்ப அழுத்தினால் பழைய நிறம் வரும். உருப்பெருக்கி தானாகத் திறந்து திரையின் ஒரு மூலை மட்டும் பெரிதாகத் தெரிந்தால், விண்டோஸ் விசையுடன் எஸ்கேப். உருப்பெருக்கி வேண்டும், வெள்ளைப் பின்னணிதான் கண்ணைக் கூசுகிறது என்றால், அது ஓடும்போது கன்ட்ரோல், ஆல்ட், ஐ அழுத்தினால் நிறங்கள் தலைகீழாகும்.

"போன் பேசல"

டாக்பேக்கின் சத்தம் தனி, பாட்டுக்கான சத்தம் தனி. திரையில் ஒரு விரலை நகர்த்திக்கொண்டே வால்யூம் கூட்டும் பட்டனை அழுத்துங்கள், டாக்பேக்கின் சத்தம் ஏறும். அதற்கும் பேசவில்லை என்றால் இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்துச் சில நொடி பிடியுங்கள். இந்தக் குறுக்குவழியை முன்பே அமைத்திருந்தால் டாக்பேக் எழும். அமைக்காதவர்கள், பேச்சு நன்றாக இருக்கும் இன்றைக்கே அமைத்துக்கொள்ளுங்கள். எதுவும் கைகொடுக்காவிட்டால் கூகுள் அசிஸ்டென்ட்டிடம் வாயால் டாக்பேக்கை ஆன் செய்யச் சொல்லலாம்.

"இங்கிலீஷ் படிக்குது, தமிழ் வந்தா தாண்டிப் போயிடுது"

இது குரலில் உள்ள குறை. ஆங்கிலக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, தெரியாததைச் சொல்லாமல் விட்டுவிடும். வாட்ஸாப்பில் ஒருவர் அரைப் பக்கம் தமிழில் எழுதியிருப்பார், நம் காதில் அதில் இருக்கும் "ஓகே" மட்டும் விழும். சிலர் இதை மாதக்கணக்கில் அறியாமலே இருந்திருக்கிறார்கள்.

போனில் டெக்ஸ்ட்-டு-ஸ்பீச் செட்டிங்குக்குப் போய், கூகுளின் எஞ்சினைத் தேர்ந்தெடுத்து, குரல் தரவை நிறுவும் பட்டியலில் தமிழை இறக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் மொழியைத் தமிழ் என்று வையுங்கள். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களைத் தமிழ்க் குரல் ஒருவாறு சமாளித்துவிடும். ஆங்கிலக் குரலால் தமிழைச் சமாளிக்க முடியாது. அதனால் இரண்டும் கலந்து படிப்பவர்களுக்குத் தமிழ்க் குரலை நிரந்தரமாக வைக்கச் சொல்வேன்.

கம்ப்யூட்டரில் என்விடிஏவுடன் வரும் இ-ஸ்பீக் குரலிலேயே தமிழ் இருக்கிறது. இயந்திரத்தனமாக இருக்கும், ஆனால் வேகமாக வைத்துப் படிக்க அதுதான் தோது. இன்னும் இயல்பாக வேண்டும் என்றால் விண்டோஸ் மொழி செட்டிங்கில் தமிழைச் சேர்த்து, பேச்சு வசதியையும் சேர்த்து நிறுவுங்கள். கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டபின், என்விடிஏ விசை, கன்ட்ரோல், எஸ் அழுத்தி விண்டோஸ் ஒன்கோர் குரல்களைத் தேர்ந்தெடுத்தால், 'வள்ளுவர்' என்ற பெயரில் ஒரு தமிழ்க் குரல் கிடைக்கும்.

"தமிழ் ஃபைல்தான் அனுப்பினாங்க, ஏபிசிடி மாதிரி என்னென்னமோ படிக்குது"

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழில் படிக்கும் பார்வையற்றவர்களின் நேரத்தை இதைவிட அதிகமாகத் தின்னும் கோளாறு வேறு இல்லை என்பது என் அனுபவம்.

பாமினி என்ற எழுத்துருவில் அடித்த கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அதில் 'தமிழ்' என்று தெரியும். கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. 'அம்மா' என்று தெரியும் இடத்தில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஜே என்ற ஆங்கில எழுத்துக்கு 'த' என்ற படத்தை மாட்டிவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கண் படத்தைப் பார்க்கிறது. ஸ்கிரீன் ரீடருக்குப் படம் தெரியாது, உள்ளே இருக்கும் எழுத்தைத்தான் அது படிக்கும். அது உளறவில்லை, இருப்பதை உள்ளபடி சொல்கிறது.

ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் உலகத் தரமாகிய யூனிகோடில் தமிழுக்கு 1991-இலேயே இடம் வந்துவிட்டது. ஆனாலும் பாமினி, வானவில், டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு முறை புழங்கிக்கொண்டே இருந்தது. சென்னையில் 1999-இல் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தமிழ் 99 விசைப்பலகையையும் டாம், டாப் முறைகளையும் ஏற்றது. 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அறிவித்து இத்தனை ஆண்டு ஆன பிறகும் பழைய எழுத்துருவில் அடித்த சுற்றறிக்கையும் வினாத்தாளும் பாடக்குறிப்பும் நம் கைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. அடித்தவருக்கு அச்சில் சரியாக வந்தால் போதும். அதைக் காதால் படிக்கும் ஒருவர் இருப்பார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்வதும் இந்தக் கோளாறைச் சரிசெய்வதில் ஒரு படி என்றே நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது இது. வேர்டு கோப்பில் அந்த வரியில் நின்று என்விடிஏ விசையுடன் எஃப் அழுத்துங்கள். எழுத்துருவின் பெயரைச் சொல்லும். பாமினி, வானவில் என்று ஏதாவது காதில் விழுந்தால் நோய் தெரிந்துவிட்டது. இனி மாற்றித்தான் ஆக வேண்டும். என்எச்எம் கன்வர்ட்டர், பொங்குதமிழ் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. கோப்பில் உள்ளதை நகலெடுத்து ஒட்டி, எந்த எழுத்துருவிலிருந்து என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் யூனிகோட் தமிழ் வரும். எழுத்துருவைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் வருவதும் தமிழ் எழுத்துதான், ஆனால் சொல்லாக இருக்காது. அப்போது இன்னொன்றை மாற்றிப் பாருங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. கோப்பில் உண்மையான ஆங்கிலச் சொற்களும் இருந்தால், மாற்றி அவற்றையும் தமிழாக நினைத்து உருக்குலைத்துவிடும். மின்னஞ்சல் முகவரி, இணைய முகவரி எல்லாம் இப்படித்தான் காணாமல் போகின்றன. விண்ணப்ப அறிவிப்பு போன்றவற்றைப் பத்தி பத்தியாக மாற்றுங்கள், ஆங்கிலம் வரும் வரிகளை மூலக் கோப்பிலிருந்தே படியுங்கள்.

"தமிழ்தான் படிக்குது, ஆனா திக்குது, எழுத்து இடம் மாறுது"

பிடிஎஃப் கோப்புகளில் இது வரும். 'பெயர்' என்ற சொல்லின் மேல் அம்புக்குறியால் ஓரோர் எழுத்தாக நகருங்கள். 'ப' முதலில் வந்து கொம்பு பின்னால் வந்தால் சரியான கோப்பு. கொம்பு முதலில் வந்தால், கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தை அடுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு போட்ட எழுத்து எல்லாமே இப்படிப் பிரிந்து கிடக்கும். கெ, கே, கை, கொ வரிசை இல்லாத தமிழ்ப் பத்தி ஏது?

இதற்கு நம் பக்கத்தில் எந்த செட்டிங்கும் உதவாது. முதலில் மூல வேர்டு கோப்பைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், பிடிஎஃபை ஒரு படமாகவே பாவித்து எழுத்துகளைப் புதிதாக எடுப்பதுதான் வழி. ஸ்கேன் செய்த பிடிஎஃபைத் திறந்ததும் ஆவணம் காலி என்று என்விடிஏ சொல்கிறதே, அதற்கும் மருந்து இதுதான். கூகுள் டிரைவில் கோப்பை ஏற்றி, அதன் மேல் ஷிஃப்ட், எஃப் 10 அழுத்தி, கூகுள் டாக்ஸில் திறக்கச் சொல்லுங்கள். மேலே பக்கத்தின் படம் இருக்கும், அதைத் தாண்டி இறங்கினால் எழுத்து இருக்கும். படத்திலேயே நின்றுவிட்டு ஒன்றும் வரவில்லை என்று மூடிவிடாதீர்கள். என்விடிஏ விசையுடன் ஆர் அழுத்தினால் வரும் விண்டோஸ் ஓசிஆரை (படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் வசதி) இதற்கு முயல வேண்டாம், அதன் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை.

இப்படி எடுத்த எழுத்தில் பாடத்தைப் படிக்கலாம், கதையைப் படிக்கலாம். மதிப்பெண் பட்டியலையும் கட்டண அட்டவணையையும் நம்ப வேண்டாம், கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதைப் பார்வையுள்ள ஒருவரை வைத்து ஒரு தடவை சரிபாருங்கள்.

"ஒரே ஒரு சொல் மட்டும் விநோதமா கேக்குது"

'கௌரவம்' காதில் 'கெ-ள-ரவம்' என்று விழும், 'ஔவையார்' 'ஒ-ள-வையார்' ஆவார். குரலில் குறை இல்லை. ஔகாரக் குறிக்கும் 'ள' என்ற எழுத்துக்கும் பார்வைக்கு வேறுபாடு இல்லாததால், அடித்தவர் 'ள'வைப் போட்டுவிட்டார். நாம் சரியாக அடித்துத் தேடினால், அந்தக் கோப்பில் அந்தச் சொல் சிக்காது. தேடல் பொய்த்தால் 'ள' போட்டும் ஒரு தடவை தேடிப் பாருங்கள். நீங்கள் அடிக்கும்போது, தமிழ் 99-இல் ஔ-க்கு இசட் இருக்கும் இடத்தில் தனி விசையே உண்டு.

"ஃபார்ம்ல பேர் அடிச்சா பக்கம் எங்கெங்கோ குதிக்குது"

உலாவும் நிலையில் இருக்கிறீர்கள். அங்கே எச் அழுத்தினால் தலைப்புக்கும் பி அழுத்தினால் பட்டனுக்கும் தாவும். பெட்டியில் நின்று என்விடிஏ விசையுடன் ஸ்பேஸ் அழுத்துங்கள், எழுத்து விழும். விழும் எழுத்து காதில் கேட்கவில்லை என்றால் என்விடிஏ விசையுடன் 2.

"பட்டன், பட்டன்னு மட்டும் சொல்லுது"

போன் செயலியை உருவாக்கியவர் பட்டனுக்குப் பெயர் வைக்கவில்லை. யாரையாவது கேட்டோ, அழுத்திப் பார்த்தோ அது என்ன என்று தெரிந்துகொண்டபின், அதன் மேல் இருந்தபடி மூன்று விரலால் ஒரு தட்டு தட்டி டாக்பேக் மெனுவைத் திறந்து நீங்களே பெயர் வைக்கலாம். எல்லாப் பட்டனுக்கும் இந்த வாய்ப்பு வராது. வைத்த பெயரும் உங்கள் போனில் மட்டும்தான். பணம் அனுப்பும் செயலியில் மட்டும் அழுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலை வேண்டாம்.

"பாதுகாப்பு இல்லாத சேவை ஓடுதுன்னு சொல்லி பேங்க் ஆப் திறக்கவே மாட்டேங்குது"

திரையில் இருப்பதைப் படிக்கும் சேவை எதையும் சில செயலிகள் சந்தேகிக்கும். போனின் அணுகல்தன்மை செட்டிங்கைத் திறந்து, டாக்பேக் தவிர வேறு எது ஆனில் இருக்கிறது என்று பாருங்கள். அழைப்பைப் பதிவுசெய்யும் செயலி, தானாகத் தட்டும் செயலி ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு மறுபடி திறங்கள். டாக்பேக் ஒன்று மட்டும் இருந்தும் மறுத்தால், தவறு அந்தச் செயலியுடையது. டாக்பேக்கை அணைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். பின் நம்பரை இன்னொருவர் கையில் கொடுப்பதில்தான் அது போய் முடியும்.

"கண்ணைச் சிமிட்டுன்னு கேட்டு, கணக்கு தொடங்க விடல"

சென்ற மாதம் என்னிடம் படித்த பையன் ஒருவன் இதற்காகவே இரண்டு மணி நேரம் போனோடு போராடினான். செயற்கைக் கண் வைத்தவன் அவன். கணக்கு தொடங்க வங்கியின் செயலி முகத்தை வட்டத்துக்குள் காட்டச் சொல்லும், வட்டம் எங்கே என்று சொல்லாது. சிமிட்டச் சொல்லும். நேரம் முடிந்தது என்று வெளியே தள்ளிவிடும். அவனுக்கு நான் சொன்னதுதான் உங்களுக்கும்: முயற்சியை நிறுத்துங்கள். போனில் சரிசெய்ய இங்கே எதுவும் இல்லை.

உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று இதைப் பற்றியே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் தொடுத்த வழக்குகள். நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும், டிஜிட்டல் சேவைகளை எட்டும் உரிமை அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்யும் கேஒய்சி முறையை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி மாற்ற 20 உத்தரவுகள் பிறப்பித்தார்கள். கண் சிமிட்டுவதைத் தவிர வேறு வழியிலும் ஆள் நேரில் இருப்பதை உறுதிசெய்ய இடம் தர வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

எனவே வங்கிக் கிளைக்குப் போய் வாய்வார்த்தையாகக் கேட்பதோடு நிற்காமல் எழுத்தில் கொடுங்கள். தீர்ப்பின் தேதியைக் குறிப்பிடுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும் குறிப்பிடுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், அதற்கு வங்கியிடம் புகார் கொடுத்த சான்று தேவைப்படும். புகாரில் "ஆப் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் போனை மாற்றிப் பாருங்கள் என்று பதில் வரும். போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, டாக்பேக் பதிப்பு, செயலியின் பதிப்பு, எந்தத் திரையில் எதை அழுத்தியபோது டாக்பேக் என்ன சொன்னது அல்லது சொல்லாமல் விட்டது, இவ்வளவும் வரிசையாக இருக்கட்டும். முடிந்தால் டாக்பேக் ஓடும்போதே திரையை ஒலியோடு பதிவுசெய்து அந்த வீடியோவையும் இணையுங்கள். அனுப்பும் முன் பதிவில் உங்கள் கணக்கு எண்ணும் ஓடிபியும் இல்லையா என்று ஒரு தடவை முழுக்கக் கேட்டுவிடுங்கள்.